பொரிக்குச் சாக்லேட் பூசலாம், காலைத் தட்டில் வைக்க வேண்டாம்

சாக்லேட்டை உருக்கி, வேர்க்கடலை விழுதோடு கலந்து, மொறுமொறுப்பான தானியச் செதில்களின் மேல் பூசி ஆறவைக்கும் தின்பண்டம் ஒன்று நம் சமையலறைகளுக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பல காலமாகச் செய்துவரும் பண்டம் இது. அடுப்பு வேலை குறைவு, பிள்ளைகளே கூடமாட நின்று கலக்கலாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டில் இதைச் செய்தால் இரண்டு விதமான பேச்சு எழும். கடலை மிட்டாய் இருக்கும் ஊரில் இந்த வெளிநாட்டுப் பண்டம் எதற்கு என்பார் ஒருவர். கடலை இருக்கிறது, தானியம் இருக்கிறது, சத்துதானே, காலையில் பாலில் போட்டுக் கொடுத்துவிட்டால் சமையலே மிச்சம் என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. இந்தப் பண்டம் வீட்டுக்குள் வரலாம். நம் பொரியோடும் வேர்க்கடலையோடும் அது நன்றாகவே சேரும். ஆனால் அது இனிப்பாக வர வேண்டும். காலை உணவின் இடத்தில் போய் உட்காரக் கூடாது. நம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் செய்துவரும் தீங்கைவிட, சாக்லேட்டை உணவென்று சொல்லி விற்பதால் வரும் தீங்கு பெரிது. வீட்டில் செய்யும்போது அந்த மறைப்பு கலைந்துவிடுகிறது என்பதே இதைச் செய்யச் சொல்வதற்கு என் முதன்மையான காரணம்.

தானியத்திலிருந்து தொடங்குவோம். காலை உணவுத் தானியம் என்றாலே அட்டைப் பெட்டியும் அதன்மேல் சிரிக்கும் கார்ட்டூன் விலங்கும் நினைவுக்கு வரும்படி விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. தானியத்தைச் சூட்டில் பொரித்து மொறுமொறுப்பாக்கும் கைத்தொழிலோ இந்த மண்ணில் தலைமுறைகளாக நடக்கிறது. புழுங்கிய அரிசியில் உப்புநீர் தெளித்து, பதமாகக் காயவைத்து, கொதிக்கும் மணலில் போட்டால் உள்ளே தங்கியிருக்கும் ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி மணியை ஊதிவிடும். ஆலையில் எந்திரம் அழுத்தத்தால் செய்வதை மணலும் வாணலியும் வேறு வழியில் செய்கின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள லேத்துப் பட்டறைகளிலும் லாரி செட்டுகளிலும் கண்டெய்னர் கிடங்குகளிலும் ஆயுத பூஜை அன்று பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கை நிறையக் கிடைக்கும். இயந்திரத்துக்குப் படைத்ததைத் தொழிலாளிக்கும் அவர் வீட்டுப் பிள்ளைக்கும் பகிர்வது இந்தப் பகுதியின் வழக்கம். அந்தக் கலவையில் நல்ல அறிவும் இருக்கிறது. பொரி பெரும்பாலும் மாவுச்சத்துதான். நூறு கிராமில் ஏறக்குறைய ஏழு கிராம்தான் புரதம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பொட்டுக்கடலையில் நிறைய உண்டு. வேர்க்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதம் தரும். பாதியளவு கொழுப்பும் அதில் இருப்பதால் கொஞ்சம் தின்றாலே பசி அடங்கும். ஆக, தானியமும் கடலையும் இனிப்பும் சேர்ந்த மொறுமொறுப்பான பண்டம் என்பது வட சென்னைக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றில்லை. கோகோவின் கசப்பு மட்டும்தான் இங்கே புதுவரவு.

மேலை நாட்டில் இந்தப் பண்டத்தின் இரண்டு உறுப்புகளும் பிறந்த கதை இங்கே தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஒரு நலவாழ்வு இல்லத்தை நடத்தியவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். அங்கேதான் 1894இல் தானிய மாவை உருளைகளுக்கிடையே நசுக்கி வாட்டிய செதில்கள் உருவாயின. அடுத்த ஆண்டே கொட்டைகளை அரைத்து விழுதாக்கும் முறைக்கு அவர் காப்புரிமை கோரினார். கனடாக்காரரான மார்செல்லஸ் எட்சன் 1884இலேயே வேர்க்கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கெல்லாக்கின் இல்லத்தில் செதில், கடலை விழுது இரண்டுமே நோயாளிகளுக்காக, இனிப்பில்லாமல், எளிதில் செரிக்கட்டும் என்று உருவான உணவுகள். செதிலில் சர்க்கரை சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் டாக்டருக்கும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்குக்கும் பெரும் பிணக்கு வந்தது. 1906இல் தனி நிறுவனம் தொடங்கிய தம்பியின் பக்கமே வியாபாரம் சாய்ந்தது. 1950களில் செதில்களின் மேல் சர்க்கரையைப் பூசியே விற்றார்கள். அப்போது பெட்டியின் மேல் பெயரிலேயே 'ஷுகர்' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தது. 1980களில் சர்க்கரையின் கெடுதல் பற்றிப் பேச்சு வந்ததும் அந்தச் சொல் பெயர்களிலிருந்து நீங்கியது. அதன் பிறகும் அந்தச் செதில்கள் இனிப்புச் செதில்களாகவே விற்றன. நான் மேலே மறைப்பு என்று சொன்னது இதைத்தான்.

இந்தியாவுக்கு அந்தச் செதில்கள் 1994இல் வந்தபோது நம் குடும்பங்கள் அவற்றை எளிதில் ஏற்கவில்லை. இங்கே பாலைக் காய்ச்சிச் சூடாகக் குடிப்பவர்கள் அதிகம். சூடான பாலில் செதில் நொடியில் குழைந்துபோனது. காலையில் இனிப்பாகச் சாப்பிடும் வழக்கமும் நமக்கு இல்லை. பெரியவர்களை வெல்ல முடியாத வியாபாரம் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. கோதுமை மாவில் கோகோவும் சர்க்கரையும் சேர்த்த வகைகள் வந்தன. சின்னச் சின்னப் பொட்டலங்களில் பெட்டிக் கடை வரை வந்தன. பள்ளி வாசலில் பத்து ரூபாய்க்குத் தோரணம் போலத் தொங்கும் பொட்டலங்களில் இன்று அவையும் உண்டு. இந்தச் சாக்லேட் தானிய வகைகள் பலவற்றில் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரை. முப்பது கிராம் கொண்ட ஒரு சிறு கிண்ணத்திலேயே இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வந்துவிடும். அதன்மேல் பாலில் போடும் சர்க்கரை தனி. ஒரு நாளில் உடலுக்குச் சேரும் ஆற்றலில் சேர்த்த சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. வளர்ந்த ஒருவருக்கே அந்த ஐந்து சதவீதம் ஏறக்குறைய 25 கிராம்தான். ஆறு வயதுப் பிள்ளையின் பங்கு அதைவிடக் குறைவு. அதில் பெரும்பகுதியைப் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே தீர்த்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கு வட சென்னைக்குக் கூடுதலாக உறைக்க வேண்டும். நீரிழிவு மருத்துவத்தில் நாட்டுக்கே முன்னோடியான ஊர் இது. டாக்டர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய பொது மருத்துவமனை பின்னாளில் அந்த நோய்க்கென்றே ஆனது. அவருடைய மகன் டாக்டர் வி. மோகனின் ஆய்வு மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. 10 கோடிக்கும் அதிகமான இந்தியர்களுக்கு நீரிழிவு, 13 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று அது சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நோயைப் பார்த்துவரும் ஒரு தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிள்ளையின் காலைத் தட்டில் இனிப்பைச் சத்துணவு என்று நம்பி வைக்கும் வீடுகள் இருப்பது எனக்கு வேதனை தருகிறது. அந்தத் தாய் தந்தையர்மீது எனக்குக் குறை இல்லை. அட்டையின் முகப்பில் வைட்டமின், இரும்புச் சத்து, முழுத் தானியம் என்று பெரிதாக அச்சிட்டு, சர்க்கரையைப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் போட்டால் வேறு என்ன நடக்கும்?

வீட்டில் செய்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அமெரிக்க முறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: ஒன்பது கப் தானியம், ஒரு கப் சாக்லேட் துண்டு, அரை கப் கடலை விழுது, கால் கப் வெண்ணெய், கடைசியில் மேலே தூவிக் குலுக்க ஒன்றரை கப் பொடித்த சர்க்கரை. எடை போட்டால் மொத்தம் எண்ணூறு கிராம் சொச்சம் வரும். தூவும் சர்க்கரை மட்டும் 180 கிராம். சாக்லேட்டுக்குள் ஏற்கனவே இருப்பது 90 கிராம் அளவு. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை, கடைப் பொட்டலத்துக்குச் சமம். ஆனால் அந்த ஒன்றரை கப்பை அளந்து கொட்டுகிறவரின் கண் முன்னால் அது குவியலாகக் கிடக்கிறது. அதைப் பார்த்த பின் யாரும் இதைக் காலை உணவு என்று சொல்ல மாட்டார்கள். கை தானாகவே குறைக்கும். நம் ஊருக்கேற்ற அளவு ஒன்றை நான் முன்வைக்கிறேன். பொரி 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாக உடைத்த வேர்க்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வெல்லம் 100 கிராம், இனிப்பில்லாத கோகோ தூள் 25 கிராம். முப்பது கிராம் உருண்டை ஒன்றில் சர்க்கரை ஆறு கிராமைச் சுற்றியே நிற்கும். புரதம் நான்கு கிராம் கிடைக்கும். இதுவும் இனிப்புதான். கடலையின் பங்கு கூடி, இனிப்பின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது என்பதே வித்தியாசம்.

சாக்லேட் கட்டியை விட்டு வெல்லப் பாகையும் கோகோ தூளையும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கடற்கரையின் வெயிலும் காற்றும் அப்படி. நல்ல சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். வாயில் கரைவதன் சுகமே அதுதான். சென்னையில் அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, அத்தகைய சாக்லேட் பூசிய பண்டம் குளிர்பெட்டிக்கு வெளியே நிற்காது. பள்ளிக்குக் கொண்டுபோகும் டப்பாவில் அது குழம்பாகிவிடும். அதனால்தான் மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சமையல் சாக்லேட் பெரும்பாலும் காம்பவுண்ட் வகையாக இருக்கிறது. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வெயில் தாங்கும் தாவரக் கொழுப்பு சேர்த்தது. பல வகைகளில் பனை வித்துக் கொழுப்பும் உண்டு, உறைகொழுப்பும் அதிகம். எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து இரண்டு சதவீத உச்சவரம்பு வைத்திருப்பது நல்ல செய்தி. ஆனாலும் சாக்லேட் என்று நினைத்து வாங்குவதில் கோகோ எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கத்தைப் படித்தாக வேண்டும். முதலில் வரும் பெயரே சர்க்கரையாக இருப்பது வழக்கம். வெல்லப் பாகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீரில் ஒரு துளி விட்டால் கட்டியாகித் தட்டும்போது சத்தம் கேட்கும் பதத்தில் இறக்கினால், பாகில் ஈரம் மிகக் குறைவு. எந்த வெயிலிலும் உருகாது. அடுப்பை அணைத்துவிட்டுக் கோகோ தூளைச் சலித்துப் போட்டு, உடைத்த கடலையைக் கலந்து, பொரியைக் கொட்டிக் கிளறி, நெய் தொட்ட கையால் சூடு தாங்கும்போதே பிடித்துவிட வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

காற்றின் ஈரம் இன்னொரு பாடு. காசிமேட்டிலும் எண்ணூர் குப்பங்களிலும் கடலிலிருந்து வீசும் காற்றுக்குப் பொரி திறந்து வைத்த சிறிது நேரத்திலேயே நமத்துவிடும். கடையில் வாங்கிய பொரியை அப்படியே பாகில் போட்டால் உருண்டை மறுநாள் சவ்வாகும். வெறும் வாணலியில் குறைந்த தீயில் மொறுமொறுப்பு திரும்பும் வரை வறுத்து, முழுதாக ஆறவிட்டுப் பிறகே கலக்க வேண்டும். சாக்லேட்டை உருக்கித்தான் செய்வேன் என்பவர்கள் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மணல்மணலாகிவிடும். அப்போது தண்ணீரையோ பாலையோ ஊற்றி இளக்கப் பார்ப்பது பூச்சுக்கு உதவாது. கடலை விழுதையே சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலந்தால் கொஞ்சம் இளகும். ஆறிய உருண்டைகளை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் கடலை எண்ணெயில் சிக்கு வாடை ஏறும். கடைப் பொட்டலம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். இனிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும் என்பதையே நான் நன்மையாகக் கருதுகிறேன். தீர்ந்த பின் அடுத்த முறை வரை காத்திருப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம்தான்.

வெல்லமும் சர்க்கரைதானே, வீட்டில் செய்தால் மட்டும் உடல் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளாது. வெல்லத்தில் நூற்றுக்கு 85க்கு மேல் சர்க்கரைதான். இரும்புச் சத்தும் பிற தாதுக்களும் கொஞ்சம் உண்டு என்றாலும் ஒரு உருண்டையில் வரும் அளவு பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாட்டுச் சர்க்கரை, பனை வெல்லம், தேன் என்று பெயர் மாற்றி நோயாளிக்குத் தாராளமாகக் கொடுப்பது ஆபத்து. வீட்டில் செய்தது என்பதற்காகத் தினமும் நான்கு உருண்டை தின்றால் கடைப் பொட்டலம் செய்யும் வேலையையே அதுவும் செய்யும். என் வாதம் அளவைப் பற்றியது, அந்த அளவை யார் அறிந்திருக்கிறார் என்பதைப் பற்றியது. பாகு காய்ச்சுகிறவருக்கு எவ்வளவு வெல்லம் விழுந்தது என்று தெரியும். அடுத்த முறை நூறு கிராமை எண்பதாக்கலாம், வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் அவருக்கு வறுத்த கடலையை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

கடலை மிட்டாய் இருக்கும்போது கோகோ எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை வாங்கிக் கொடுக்கும் வீடு இந்தக் கட்டுரையைப் படிக்காமலே சரியானதைச் செய்துவிட்டது. ஆனால் நாக்குக்குச் சாக்லேட் பழகிய பத்து வயதுப் பிள்ளையிடம், இது நம்முடையது, அதனால் இதைத்தான் தின்ன வேண்டும் என்று சொன்னால் எடுபடாது. நம்முடையது என்று நாம் கொண்டாடும் வேர்க்கடலையே தென்னமெரிக்காவில் தோன்றிக் கடல் வழியே வந்த பயிர். வந்த பயிரைத் திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் ஆராய்ச்சி நிலையம் வைத்து நம் மண்ணுக்கேற்ற ரகங்களாக்கி, எண்ணெயும் சட்னியும் மிட்டாயுமாக்கினோம். மிளகாயும் அப்படி வந்ததுதான். துறைமுகத்தை ஒட்டிய ஊர்களுக்கு இது இயல்பு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, பாரிமுனைப் பக்கத் தெருக்களில் இன்று நம் உணவாக நிற்கிறது. கோகோவும் எட்டாத பொருளில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னைக்கு ஊடுபயிராக விளைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்து 2024இல் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 12,000 டாலரைத் தாண்டியபோது, ஆலைகள் பலவும் கோகோவைக் குறைத்துக் கொழுப்பையும் சர்க்கரையையும் கூட்டின. வீட்டுக்கு 25 கிராம் கோகோ போதும்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. ஷிப்டு முடித்து வரும் தந்தை, ஏற்றுமதி ஆடைக் கம்பெனிக்கோ வீட்டு வேலைக்கோ போய்த் திரும்பும் தாய். இவர்களிடம் போய்ப் பாகு காய்ச்சச் சொல்வது நியாயமா? உணவு பற்றிய அறிவுரைகள் எல்லாமே கடைசியில் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையாக விழுகின்றன என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைத் தினசரிக் கடமையாக நான் சொல்லவில்லை. மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ, விடுமுறை நாளில், கடலையின் தோலைப் பிள்ளைகள் கசக்கி ஊத, தந்தை பாகுப் பதம் பார்க்க, செய்துகொள்ளலாம். தோல் நீக்குவது, உடைப்பது, உருட்டுவது என்று கைகள் தேவைப்படும் வேலை இது. ஒருவரே செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முடியாத வாரங்களில் மணலில் வறுத்த கடலைப் பொட்டலம் வண்டிக்காரரிடம் கிடைக்கிறது. தினமும் கவனம் தேவைப்படுவது காலைத் தட்டுக்கு. அந்தச் சுமையைக் குடும்பத்தின் மேல் மட்டும் வைக்காமல் பொதுவில் ஏற்ற மரபு இந்த நகரத்துக்கு உண்டு.

வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல். காமராசர் அதை மாநிலம் முழுவதும் பரப்பினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, சென்னையில் வட சென்னைப் பள்ளிகள் முன்னுரிமை பெற்றன. மறு ஆண்டு ஆகஸ்டு 25 அன்று அது மாநிலமெங்கும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் என்பது அதன் அடிப்படை. முதலில் அறிவித்த பட்டியலில் வெள்ளிக்கிழமைக்குக் கேசரி இருந்தது. அது கிச்சடியோடு சேர்ந்து, வாரத்துக்கு ஒருமுறை, கேசரி என்ற பெயரிலேயே வந்தது என்பதை நான் முக்கியமாகக் குறித்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு இனிப்பு மறுக்கப்படவில்லை. உணவின் இடமும் பறிபோகவில்லை. சாக்லேட் பொரி உருண்டைக்கும் நான் கேட்பது அந்த இடம்தான்.

அரசின் மற்றொரு கை இதற்கு எதிராகவும் இயங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி மாற்றியமைக்கப்பட்டபோது சாக்லேட்டுக்கும் சோளச் செதில்களுக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. விலை குறைவது ஏழைக்கு நல்லதுதானே என்பார்கள். கடலைக்கும் பருப்புக்கும் அது பொருந்தும். மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கொண்ட சாக்லேட் தானியத்தையும் சர்க்கரையே சேராத தானியத்தையும் ஒரே வரிசையில் வைத்துச் சலுகை தருவது, எதை அதிகம் வாங்க வேண்டும் என்று குடும்பங்களுக்குத் தவறாகச் சொல்வதாகும். குறைந்தபட்சம் பொட்டலத்தின் முகப்பில் உண்மை இருக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்களுக்கு முகப்பு எச்சரிக்கை பற்றி மூன்று மாதத்தில் முடிவுக்கு வாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கெடு விதித்தது. அதற்கு முன் 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்வைத்த வரைவோ எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திர மதிப்பீட்டைச் சொன்னது. இனிப்புப் பொட்டலத்தின் மேல் இரண்டு நட்சத்திரம் இருந்தால் திருவொற்றியூர்த் தாய் அதைப் பாராட்டாகவே படிப்பார். இத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை என்று தமிழில் முகப்பிலேயே அச்சிடுவது மட்டுமே பயன் தரும். 2024 ஏப்ரலில் மால்ட் பானங்களை ஆரோக்கிய பானம் என்ற வரிசையிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்ல முடிந்த மத்திய அரசுக்கு இதுவும் முடியும்.

கடலையைப் பற்றிய எச்சரிக்கையைச் சொல்லாமல் இந்தப் பண்டத்தைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது. ஈரம் பட்ட வேர்க்கடலையில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் பெருமளவில் இறந்தபோது கண்டறியப்பட்டது அது; கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாக அழியாதது. வட சென்னையின் ஈரக் காற்றில் திறந்த சாக்கில் கிடக்கும் கடலையை மொத்தமாக வாங்கிச் சேமிப்பது கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படர்ந்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். சொத்தைக் கடலையை வெல்லத்தில் மறைக்கும் மலிவு மிட்டாய் இங்கேயும் வரக் கூடாது. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக இருக்கும் என்பதால் பள்ளி டப்பாவில் போகும் உருண்டையைப் பகிரும்முன் கேட்டுக்கொள்ளவும் பழக்க வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். அவர்களுக்குப் பொடித்துத்தான் தர வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு வீடும் கவனித்துச் செய்ய முடியாது என்றால், பக்கத்துத் தெருவில் சிலர் செய்து விற்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலையும் படகும் கறுத்து வருமானம் நின்ற குப்பங்களில், மீன் விற்று வந்த பெண்களுக்கு இரண்டாவது தொழில் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மகளிர் குழுக்களுக்குப் பொரி உருண்டையும் கடலை உருண்டையும் கைவந்த வேலை; கோகோ சேர்த்த உருண்டையை அதே வாணலியில் செய்யலாம். சிறு தயாரிப்பாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் நூறு ரூபாய்தான். மாநகராட்சி செய்ய வேண்டியது இரண்டு: கடலையைச் சோதித்து வாங்கித் தரும் ஓர் ஏற்பாடு, பள்ளி வாசலில் பொட்டலத் தோரணங்களுக்குப் பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு மேசை. அந்த மேசையில் வைக்கும் உருண்டையின் உறையில் எடை, செய்த தேதி, எத்தனை தேக்கரண்டி வெல்லம் என்ற மூன்றையும் கையாலாவது எழுதி ஒட்டச் சொன்னால், பெரிய ஆலைகள் செய்யத் தயங்குவதை எண்ணூர்க் குப்பத்துப் பெண்கள் முதலில் செய்து காட்டுவார்கள்.